கிரினிச்காவின் முப்பதாவது ஆள்

முருகேஸ்வரிக்குச் சம்பந்தியம்மாள் மேல் கோபம். நேரில் ஒருநாளும் பார்த்திராத சம்பந்தி. போன் திரையில் மட்டும் தெரியும் முகம் அது. தலையில் பூப்போட்ட துணிக்கட்டு, வெயிலில் வெந்து சிவந்த கன்னம், தோளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பசுவின் காது. பெயர் தமாரா. உக்ரைனில் கிரினிச்கா என்ற ஊரில் இருக்கிறாள். அவள் மகள் ஓல்யாதான் முருகேஸ்வரியின் மருமகள்.

முருகேஸ்வரியின் மகன் அஜய் மாட்டுப்பட்டிப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஓல்யா அந்த ஜீப்பில் மலை பார்க்க ஏறியவள். அவள் இங்கே இருக்கும்போதே அங்கே யுத்தம் தொடங்கியது. திரும்பிப் போக வழியில்லாமல் ஒரு ஹோம்ஸ்டேயில் வேலைக்கு நின்றாள். பிறகு அஜயைக் கட்டிக்கொண்டு தேயிலை எஸ்டேட் லயத்துக்கே வந்துவிட்டாள். பத்து வீட்டுக்குச் சேர்த்து ஒரே கூரை. வீட்டுக்கு இரண்டு அறை, ஒரு அடுப்படி. வந்த புதிதில் அட்டை கடித்ததற்கு அழுதவள், இப்போது காலில் ஏறும் அட்டையைச் சுண்டிவிட்டுக்கொண்டே தேங்காய் துருவுகிறாள். வயிற்றில் ஒன்பதாவது மாதம் நடக்கிறது.

பிள்ளைப்பேற்றுக்குப் பெற்றவள் வர வேண்டும். விசா வாங்கியாயிற்று. போலந்திலிருந்து விமானத்துக்கும் பதிந்தாயிற்று. தமாரா மட்டும் வரமாட்டேன் என்கிறாள். "நான் கிளம்பினால் ஊருக்கு ரொட்டி வண்டி வராது." கேட்கும்போதெல்லாம் இதே பதில்.

"ரொட்டி வண்டியாம்லா, ரொட்டி வண்டி!" சனிக்கிழமை மலையில் கத்தரியை வைத்துக் கொழுந்து வெட்டிக்கொண்டே முருகேஸ்வரி பொருமினாள். "முப்பது தலைக்கட்டு இருக்கப்பட்ட ஊரு. ஒரு பொம்பள கெளம்பினா வண்டி வராதாம். யாருகிட்ட சொல்லுதா கதைய?"

அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த வேலுத்தாய் சிரித்தாள். அவளுக்கு வாய் ஓயாது. "மதினி, அந்தம்மா வளைகாப்புக்கும் வரல, பேறுகாலத்துக்கும் வரலன்னா விசயம் வேற. கூலிக்காரன் லயத்துல வந்து எப்படிப் படுக்கன்னு நெனச்சிருப்பா. வெள்ளக்காரில்லா!"

"நெனச்சா நெனச்சிட்டுப் போறா. எம் மருமகள நான் பாத்துக்கிடுவேன். நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. நாளைக்குச் சாயங்காலம் அங்கன டவுன்ல இருந்து போலந்துக்குக் கெளம்புற பஸ்ஸ விட்டா அடுத்த வாரம்தான் பஸ்ஸு. அதுக்குள்ள விசா நாள் முடிஞ்சிரும். பெறகு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

கத்தரியின் தட்டில் சேர்ந்த கொழுந்தைப் பின்னால் தொங்கிய சாக்குக்குள் வீசினாள். பாதி வெளியே விழுந்தது.

அந்த முப்பதின் கதையைச் சொல்ல வேண்டும். கல்யாணம் பேசியபோது முருகேஸ்வரியின் புருஷன் பாண்டித்துரை மகனிடம் கேட்டான், "அவங்க ஊரு எத்தன இருக்கும்?" அஜய் ஓல்யாவிடம் கேட்டுவிட்டு, "முப்பதாம்ப்பா" என்றான். பாண்டித்துரைக்குத் திருப்தி. சின்ன ஊர்தான், பரவாயில்லை, முப்பது தலைக்கட்டு.

இந்த லயத்தில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் எண்ணுவார்கள். நாலு தலைமுறைக்கு முன்னால் கங்காணி கூட்டிக்கொண்டு வந்து மலையில் விட்ட சனம். சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, தென்காசிக்குக் கிழக்கே என்று ஆளுக்கு ஒரு ஊர் பெயர் சொல்வார்கள். அங்கே வீடு கிடையாது, நிலம் கிடையாது, ஒருவரும் அங்கே பிறந்ததும் கிடையாது. ஆனால் வருஷா வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி போகும். வரி கட்டினால் ஊரில் ஒரு தலைக்கட்டு. அண்ணன் தம்பி எட்டுப் பேர் ஒரு வீட்டில் இருந்தாலும் கல்யாணம் ஆனவன்தான் கணக்கு. குமரிப் பெண்ணும் குழந்தையும் கிழவியும் எண்ணிக்கையில் வரமாட்டார்கள். அந்த வழக்கத்தில் முப்பது என்றால் நூற்றைம்பது, இருநூறு பேர். அதில் ஒருத்தி வந்து போனால் ஊர் என்ன குடிமுழுகியா போய்விடும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜிஸ்மி வந்தாள். ஆஷா ஒர்க்கர், பேச்சில் பாதி மலையாளம். பேறுகாலப் பெண்களின் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. லயத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஓல்யாவை உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். முருகேஸ்வரி குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பிரஷர் நல்லாருக்கு. கால்ல கொஞ்சம் நீருண்டு. உப்பு குறைக்கணும் கேட்டோ. அம்மா இன்னும் வந்நில்லே?"

"வராது சேச்சி," என்றாள் ஓல்யா. அவள் தமிழ் கொழுந்து மலையில் கற்ற தமிழ், சத்தமாகத்தான் வரும். "அம்மா வந்தா ஊர்ல ஆள் கொறஞ்சிரும்."

"எத்ர ஆளுண்டு நிங்ஙட நாட்டில?"

"முப்பது."

"முப்பது வீடோ?"

"வீடு நூறுக்கு மேல இருக்கு. பூட்டிக் கெடக்கு. ஆளுதான் முப்பது. எங்கம்மாவையும் சேத்து."

"என்டெ மாதாவே! இந்த ஒரு லயத்தில அதில் கூடுதல் ஆளுண்டல்லோ!"

அரிசி களைந்த தண்ணீர் அரிசியோடு சேர்ந்து சாக்கடையில் போனதை முருகேஸ்வரி கவனிக்கவில்லை. ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"ஏட்டி ஓல்யா. இப்ப என்ன சொன்ன? முப்பது ஆளா? தலையா?"

"ஆமா அத்த. தல."

"புள்ள குட்டி எல்லாஞ் சேத்தா?"

"புள்ள இல்ல அத்த. ஒண்ணும் இல்ல. எல்லாம் வயசானவங்க. சின்ன ஆளு எங்கம்மாதான். அறுபத்தி ஒண்ணு."

முருகேஸ்வரி உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஏங்க! அஜயி! ரெண்டு பேரும் வெளிய வாங்க. முப்பது தலைக்கட்டுன்னு சொன்னியேல? முப்பது உசுருல்லா!"

அஜய் பாதி முகச் சவரத்தோடு வந்தான். "நான் எங்கம்மா தலைக்கட்டுன்னு சொன்னேன்? முப்பதுன்னேன். நீங்களா நெனச்சிக்கிட்டா நான் என்ன செய்ய?"

"கல்யாணம் பண்ணி மூணு வருசமாச்சு. பொண்டாட்டி ஊருல எத்தன பேருன்னு கேக்கத் தெரியல ஒனக்கு. வண்டி ஓட்டத்தான் லாயக்கு."

பாண்டித்துரை பீடியைக் காதில் சொருகிக்கொண்டு மருமகளுக்கு எதிரே குந்தினான். "நீ முழுசாச் சொல்லு தாயி. ரொட்டி வண்டி என்ன?"

ஓல்யா சொன்னாள். ஊரில் கடை இல்லை. பெத்ரோ என்ற ஒருத்தன் வியாழனும் ஞாயிறும் டவுனிலிருந்து வேனில் ரொட்டியும் மருந்தும் சோப்பும் கொண்டுவருகிறான். தார் ரோட்டை விட்டு மண் ரோட்டில் திரும்பி வெகுதூரம் உள்ளே வர வேண்டும். முப்பது பேருக்கு ஒரு ஆள் குறைந்தாலும் திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டான். யுத்தம் தொடங்கிய வருஷமே மூன்று பேர் செத்தார்கள். நாலு பேர் போலந்துக்குப் போனார்கள். இப்போது முப்பது. தமாரா முப்பதாவது ஆள்.

"அவன் வரலன்னா?"

"பாட்டிங்க நடக்க முடியாது அத்த. குளிர்காலம் வந்தா பனி இடுப்பு வரைக்கும். சாப்பாடு இல்ல, மருந்து இல்ல. அம்மா சொல்லும், பேரப்புள்ளய பாக்க நான் போனா இருபத்தொம்பது பேரு பட்டினி கெடக்கும்."

ஜிஸ்மி பிரஷர் பட்டையைச் சுருட்டாமல் அப்படியே பிடித்திருந்தாள்.

"அப்படி என்ன ஊருட்டி அது?" என்றாள் முருகேஸ்வரி கடைசியில். "நூறு வீட்டக் கட்டிப்போட்டுட்டு எங்க போனாங்க சனம்?"

"கட்டினது அவங்க இல்ல அத்த. சர்க்கார். நூறு வருசம் முன்னாடி சர்க்கரை எடுக்குற பீட்ரூட் கெழங்கு பயிர் பண்ண பெரிய பண்ணை. வேலைக்கு அங்கருந்து இங்கருந்து ஆளக் கூட்டி வந்து விட்டாங்க. செங்கல்ல நீள நீளமா வீடு, ஒரே கூரை. காலைல தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடிப்பாங்க. எல்லாரும் போய் நிக்கணும், பேர் கூப்பிடுவாங்க."

"இது பெரட்டுல்லா!" பாண்டித்துரை எழுந்தே விட்டான். எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். "ஏ முருகேசு, கேட்டியா? லயம் போட்டு, பெரட்டு வச்சி, நம்மளக் கொண்டாந்த மாதிரியே கொண்டாந்திருக்கான்! நம்ம சனம்ட்டி அது!"

"பெறகு?" என்றாள் முருகேஸ்வரி.

"பெறகு பஞ்சம். சர்க்கார் ஆளு வந்து தானியம் எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டான். பாதி ஆள் செத்துப்போச்சு. எங்க பூட்டி, பாட்டியோட அம்மா, வாத்து மேயுற புல்லைத் தின்னுச்சாம். பெறகு ஜெர்மன்காரன் யுத்தம். ஆம்பள போனது திரும்பல. அதுக்கப்புறம் நல்லா இருந்துச்சு. நானூறு பேரு. பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டாய், எல்லாம். எங்கம்மா பண்ணைல நூறு மாடு கறந்துச்சு. பெறகு பண்ணைய மூடிட்டான். வேலை இல்ல. சின்ன ஆளு எல்லாம் டவுன், போலந்து, கனடா. என்னை மாதிரி."

முருகேஸ்வரி மேற்கே திரும்பிப் பார்த்தாள். மேல் லயம் காலியாகிப் பத்து வருஷம் ஆகிறது. ரிடையர் ஆனதும் குடியிருந்தவர்களை வெளியேற்றிய வீடுகள். கூரைத் தகடு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். கீழ் லயத்தில் பாதி இப்போது ஜார்க்கண்ட் ஆட்கள். அவளுக்கும் ரிடையர் ஆக ரொம்ப நாள் இல்லை.

பிறகு முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமதான? வண்டி வரும்ல?"

"வரும் அத்த. அங்க மத்தியானம். இங்க சாப்பிட்ட பெறகு."

"ஊரு முச்சூடும் அங்கன நிக்குமா?"

"நிக்கும். ரொட்டி வாங்கணும்ல."

"அந்த பெத்ரோவும் நிப்பான்ல? சரி. ஒங்கம்மாகிட்டச் சொல்லு. வண்டி வந்ததும் போன் போடணும். முகத்தக் காட்டி. அவங்கிட்ட நான் பேசுதேன்."

"நீ என்னட்டி பேசுவ?" என்றான் பாண்டித்துரை.

"வரியப் பத்திப் பேசுதேன்."

லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. பெரட்டுக்களத்தில்தான் கிடைக்கும். மத்தியானச் சோற்றை அள்ளிப்போட்டுக்கொண்டு அஜய் ஜீப்பை அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். போனைக் கண்ணாடிக்கு எதிரே சாய்த்து வைத்து, ஜீப்பின் ஸ்பீக்கரோடு இணைத்தான். சேதி பரவிவிட்டது. தூறலில் குடையும் சாக்குக் கொங்காணியுமாகக் கீழ் லயம் முழுக்க வந்து நின்றது. ஜார்க்கண்ட் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஜிஸ்மி அடுத்த வீடு பார்க்கப் போகாமல் இங்கேயே நின்றுவிட்டாள். வேலுத்தாய் முன்வரிசையில் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன் அடித்தது. முதலில் வானம் தெரிந்தது, பிறகு ஒரு மூக்கு, பிறகு தமாரா. அவளுக்குப் பின்னால் வெள்ளை வேன். வேனைச் சுற்றித் தலைத்துணி கட்டிய கிழவிகள், ஊன்றுகோல் பிடித்த இரண்டு மூன்று கிழவர்கள்.

"அம்மாடி," என்றாள் வேலுத்தாய். "நெசமாவே அம்புட்டுத்தான் இருக்காவ."

தமாரா ஏதோ சொன்னாள். குரல் ஜீப் ஸ்பீக்கரில் பெரட்டுக்களம் முழுவதும் அதிர்ந்தது. "ஏன் இவ்வளவு பேரு, யாராவது செத்துட்டாங்களான்னு கேக்குது," என்றாள் ஓல்யா.

"யாரும் சாகல, அத்தாச்சி!" முருகேஸ்வரி போனுக்கு முன்னால் போய்க் கத்தினாள். "ஓல்யா, ரொட்டிக்காரனக் கூப்பிடச் சொல்லு."

பெத்ரோ வந்தான். தடித்த ஆள், மீசை, கையில் ஒரு ரொட்டித் தட்டு. அவன் முகத்தில் எரிச்சல் இருந்தது. கால் மணி நேரம்தான் நிற்பேன், குண்டுவீச்சு அபாயச் சங்கு ஊதுவதற்குள் டவுனுக்குப் போக வேண்டும் என்றான். அதையும் ஓல்யா சொன்னாள்.

"அவங்கிட்டக் கேளு. முப்பதுக்கு ஒண்ணு கொறஞ்சா எதுக்கு வரமாட்டான்?"

முப்பது ரொட்டி விற்றால்தான் பெட்ரோலுக்குக் கட்டும் என்றான் பெத்ரோ. அவன் தர்மசத்திரம் நடத்தவில்லையாம்.

"அப்போ ஒனக்கு ஆளு கணக்கா, ரொட்டி கணக்கா?"

பெத்ரோ தட்டைக் கீழே வைத்தான். யோசித்தான். ரொட்டி கணக்கு என்றான்.

"ஆங்! இதத்தான் கேட்டேன்." முருகேஸ்வரி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். "ஓல்யா, இப்ப நான் சொல்றத அப்படியே சொல்லு. எங்களுக்கு ஒரு ஊரு இருக்கு. நாங்க யாரும் அங்க இல்ல. ஆனா கொடை வந்தா வரி கட்டுதோம். வரி கட்டினவன் ஊர்க்காரன். கெடா வெட்டினா, வராத தலைக்கட்டுக்கும் இலையில பங்கு எடுத்து வைக்கணும். அந்தப் பங்கப் பக்கத்து வீட்டுக்காரன் வாங்கித் திங்கலாம். ஆனா பங்கு வைக்காம இருக்கக் கூடாது. சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அத்த. மெதுவாப் பேசுங்க."

"தமாரா இங்கன வந்தா அவ பங்கு ரொட்டி அங்கன எறங்கட்டும். வரி நாங்க கட்டுதோம். ரொட்டிய வேற யாரும் தின்னுட்டுப் போகட்டும். அப்ப ஒனக்கு முப்பதுதான?"

ஓல்யா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரே கூச்சல். கிழவிகள் பெத்ரோவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி ஊன்றுகோலால் வேனைத் தட்டினாள். பெத்ரோ கையை உயர்த்தினான். ஒரு ரொட்டி இன்றைக்குச் சரி. பனி விழும்போது இன்னும் ரெண்டு பேர் செத்தால்? அதுக்கு யார் வரி கட்டுவா?

"வாயில அடி," என்றான் பாண்டித்துரை.

"இருங்க, அவன் கேக்கறது ஞாயம்தான்," என்றாள் முருகேஸ்வரி. "ஓல்யா, அந்தக் கெழவிகளுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"இருக்கு. எல்லாம் வெளியூரு."

"கல்யாணம் ஆனதுகளா?"

"ஆமா."

"அப்ப ஒவ்வொண்ணும் வரி கட்டுற ஒரு தலைக்கட்டு! பேரச் சொல்லச் சொல்லு!"

ஓல்யா சொன்னாள். அந்தப் பக்கம் மஞ்சள் துணி கட்டிய ஒரு கிழவி முன்னால் வந்தாள். தமாராவின் பக்கத்து வீட்டு ஹன்னா. அவள் போனைப் பார்த்துப் பேசவில்லை, பெத்ரோவின் முகத்துக்கு நேராகப் பேசினாள். "வாசில். போலந்தில் லாரி ஓட்டுகிறான். நதியா. கனடா." இரண்டு விரல் நீட்டினாள். அடுத்தவள் மூன்று விரல் நீட்டினாள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு பெயர் சொன்னார்.

"அது போர்முனைல இருக்கு," என்றாள் ஓல்யா மெதுவாக. "அதையும் சேக்கலாமான்னு கேக்காரு."

"அவனத்தான்டி மொதல்ல சேக்கணும்."

எண்ணிக்கை ஏறியது. நாற்பது. ஐம்பத்திரண்டு. ஓல்யா ஒவ்வொன்றாகத் தமிழில் கத்த, பெரட்டுக்களத்தில் கைதட்டல். ஜார்க்கண்ட் பெண்களுக்குக் கதை பாதிதான் புரிந்தது. ஆனால் கை முழுசாகத் தட்டினார்கள். ஜிஸ்மி, "எழுபது ஆயி!" என்று குதித்தாள். பாண்டித்துரைக்கு ஆவேசம் வந்துவிட்டது. "எங்களையும் போடு! மாட்டுப்பட்டி பாண்டித்துரை, ஒரு தலைக்கட்டு! அஜய் ஒரு தலைக்கட்டு!"

"எம் பேரையும் போடு மதினி," என்றாள் வேலுத்தாய். "ரொட்டி திங்காட்டியும் பரவால்ல."

பெத்ரோ மீசையைத் தடவினான். எல்லாருமே கட்டுவார்களா என்று அவனுக்குச் சந்தேகம். பாதிப் பேர் ஏமாற்றுவார்கள் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. சங்கரன்கோவில் பக்கத்து ஊரிலும் பாதிப் பேர் ஏமாற்றுகிறார்கள். ஆனால் பாதி கட்டினாலும் முப்பதைத் தாண்டும். இந்தக் குளிர்காலம் முடியும் வரை வருகிறேன், அப்புறம் பார்க்கலாம் என்றான். அவ்வளவுதான் அவனிடமிருந்து பிடுங்க முடிந்தது.

"போதும்," என்றாள் முருகேஸ்வரி. "அத்தாச்சி எங்க? அவள முன்னுக்கு வரச்சொல்லு."

தமாரா வந்தாள். இவ்வளவு நேரம் கையில் பிடித்திருந்த ரொட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஓல்யா அவளோடு பேசினாள். முதலில் சாதாரணமாக, பிறகு அழுதுகொண்டு, பிறகு சத்தமாக. தமாரா தலையை ஆட்டினாள். இல்லை என்கிற ஆட்டல்.

"இன்னும் என்னவாம்?"

"மாடு இருக்காம். உருளைக்கெழங்கு இன்னும் தோண்டலையாம். ஒரு வாரம் கழிச்சு வாரேங்குது."

"ஒரு வாரங் கழிச்சு விசா எங்க இருக்கு?" முருகேஸ்வரி ஓல்யாவைத் தோளைப் பிடித்துப் போனுக்கு முன்னால் இழுத்தாள். அவள் வயிற்றைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். தமிழிலேயே பேசினாள். "இங்க பாரு அத்தாச்சி. தல கீழ எறங்கியாச்சு. இது ஒன் உருளைக்கெழங்குக்காகக் காத்துக் கெடக்காது. எனக்கு ஒரு பயதான் பொறந்தான். பொட்டப்புள்ளைக்குப் பேறு பாத்து எனக்குப் பழக்கமில்ல. இவ வலியில ஒன் பாசையிலதான் அலறுவா. எனக்கு என்ன தெரியும்? நீ வாட்டி!"

ஓல்யா மொழிபெயர்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். மொழிபெயர்க்கவும் தேவைப்படவில்லை. தமாரா திரையில் அந்த வயிற்றையே பார்த்தாள். பிறகு ரொட்டியை ஹன்னாவின் கையில் திணித்தாள். போனையும் திணித்தாள். ஓடினாள்.

"எங்கட்டி ஓடுதா?"

"வீட்டுக்கு!" ஓல்யா துள்ளினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் துள்ளினாள். "பையி எடுக்க! பெத்ரோ நிக்கணும்! பெத்ரோ, நில்லு!"

பெத்ரோ வேனைக் கிளப்பிவிட்டான். நேரமாயிற்று என்று ஹார்ன் அடித்தான். கிழவர் ஒருவர் போய் வேனுக்கு முன்னால் நின்றுகொண்டார். தொப்பியைக் கழற்றிய அதே கிழவர். நகரமாட்டேன் என்று நின்றார். ஹன்னா போனைப் பிடித்தபடி தமாராவின் பின்னால் நடந்தாள். திரை ஆடியது. மண் ரோடு தெரிந்தது. இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள். ஒவ்வொன்றின் ஜன்னலிலும் பலகை அடித்திருந்தது. ஓடு சரிந்த ஒரு நீளக் கட்டடம். "அதுதான் பள்ளிக்கூடம்," என்றாள் ஓல்யா. அடுத்தது கதவில்லாத கொட்டாய். "சினிமா." ஆப்பிள் மரம் நிறையப் பழம், பறிக்க ஆளில்லாமல் கீழே கிடந்தது.

"லேய், நம்ம மேல் லயம்டா அது," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

தமாரா வீட்டுக்குள் போய்விட்டாள். கதவு திறந்து கிடந்தது. ஹன்னாவால் வேகமாக நடக்க முடியவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் ஸ்பீக்கரில் இரைந்தது. வேனின் ஹார்ன் மறுபடியும்.

"வெரசாப் போ பாட்டி!" என்று வேலுத்தாய் பானெட்டைத் தட்டினாள்.

"பாஸ்போட்டு, பாஸ்போட்டு!" அஜய் கத்தினான். "ஓல்யா, பாஸ்போட்ட மறக்காம எடுக்கச் சொல்லு!"

தமாரா வெளியே வந்தாள். ஒரு கையில் துணிப்பை, பல்லில் பாஸ்போர்ட். முருகேஸ்வரியும் அப்படிப் பல்லில் கடித்துப் பிடித்தபடிதான் மழையில் லயத்துக்கு ஓடி வருவாள், சம்பளச் சீட்டை. "கொட்டுங்கடி கொலவைய!" என்று அவள் சொன்னதும் கீழ் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் குலவையிட்டார்கள். அது ஹன்னாவின் கைப்போனில் போய் ஒலித்திருக்க வேண்டும். தமாரா திகைத்து நின்று, ஆகாயத்தைப் பார்த்தாள்.

"அது குண்டு இல்லம்மா!" ஓல்யா சிரிப்பும் அழுகையுமாக அவள் பாஷையில் கத்தினாள். "ஓடு! ஓடு!"

மாட்டுத்தொழுவத்துக்கு முன்னால் தமாரா ஒரு கணம் நின்றாள். உள்ளே போகவில்லை. ஹன்னாவிடம் ஏதோ சொன்னாள், வேகமாக, விரலால் காட்டிக் காட்டி. எப்போது கறக்க வேண்டும் என்றாள் போலிருக்கிறது. ஹன்னா "தெரியும் போ" என்கிற மாதிரி அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு வேன் வந்தது. பெத்ரோவே வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான், தொப்பிக் கிழவரும் முன்சீட்டில். பின்கதவைத் திறந்தார்கள். காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் தமாரா ஏறி உட்கார்ந்தாள். பாஸ்போர்ட்டை அப்போதுதான் வாயிலிருந்து எடுத்தாள். எடுத்ததும் ஏதோ கேட்டாள்.

"அங்க சூடா இருக்கும்ல, கம்பளி தேவையில்லையேன்னு கேக்குது!"

"ஐயோ, இங்க வெரல் வெறைக்குதே!" முருகேஸ்வரி கத்தினாள். "கம்பளி கொண்டாரச் சொல்லுட்டி!"

அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஹன்னா தன் தோளில் கிடந்த சால்வையை உருவிப் போனோடு சேர்த்துக் கதவிடுக்கில் திணித்தாள். வேன் கிளம்பியது. பின்கண்ணாடி வழியாக மண் ரோட்டின் புழுதி தெரிந்தது, பிறகு சிக்னல் போய்த் திரை கறுத்தது.

பெரட்டுக்களத்தில் யாரும் கலையவில்லை. தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. ஜெயித்த டீமைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஓல்யா பானெட்டில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். ஜிஸ்மி மறுபடியும் பிரஷர் பட்டையை எடுத்தாள்.

"ஏங்க, நின்னது போதும்," என்றாள் முருகேஸ்வரி புருஷனிடம். "பின் அறையில கெடக்குற வெறகு அம்புட்டையும் வெளிய எடுக்கணும். அவ எங்கன படுப்பா?"

"வர மூணு நாளு இருக்குல்லா."

"மூணு நாளும் மழை பெய்யும். அப்ப எங்க கொண்டு வைப்பிய?"

"எங்க வீட்ல படுக்கட்டும் மதினி," என்றாள் வேலுத்தாய். "பாதிக் கட்டில் சும்மாதான கெடக்கு."

"ஒன் கொறட்டையக் கேட்டா அவ யுத்தமே தேவலன்னு திரும்பிப் போயிருவா."

சொல்லிவிட்டு முருகேஸ்வரி லயத்தைப் பார்த்து நடந்தாள். வேலுத்தாய் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினாள். மூன்று பேருமாக விறகைச் சுமந்து வெளியே அடுக்கி முடிக்க இருட்டிவிட்டது. கூட்டியபோது அந்த அறையின் தரை இவ்வளவு அகலமா என்று பாண்டித்துரைக்கே ஆச்சரியமாக இருந்தது.